ஒரு நாழிகைத் தோட்டம்

(திருச்சிராப்பள்ளி உறையூரில், ஆனி மாதத்து மாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று இக்கூட்டத்தை நடத்தும் அன்பர்கள் என்னைக் கேட்டுக்கொண்டபோது, அந்த வேண்டுகோளோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே விதித்தார்கள். "தோட்டம் போடுவது நல்லது என்று எல்லாருக்கும் தெரியும், அதைத் தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கணவனும் மனைவியும் உத்தியோகத்துக்கு ஓடி, விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிற குடும்பத்தில் தோட்டம் எப்படி நடக்கும் என்பதைச் சொல்லுங்கள்" என்றார்கள். நியாயமான நிபந்தனை அது. அவகாசம் உள்ளவர்களுக்கு உபதேசம் செய்வது எளிது. அவகாசம் இல்லாதவர்களிடம் போய், "இன்னும் ஒரு வேலையைத் தலைமேல் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்பவன், அவர்கள் வீட்டுப் பொழுது எப்படிக் கழிகிறது என்பதை அறிந்து சொல்ல வேண்டும். இல்லையேல் சொல்லாதிருப்பதே மரியாதை. ஆகையால் செடியைப் பற்றிப் பேசுவதற்கு முன், பொழுதைப் பற்றிச் சிறிது பேச எனக்கு அனுமதி தாருங்கள்.

நம் முன்னோர் ஒரு பகலையும் ஓர் இரவையும் சேர்த்து 60 நாழிகையாக வகுத்தார்கள். ஒரு நாழிகை என்பது இன்றைய கணக்கில் 24 நிமிஷம். இந்த 60 நாழிகையில் உறக்கத்துக்கு ஏறக்குறைய 20 போகிறது. உத்தியோகத்துக்கும் அதற்குப் போய்வருவதற்கும் 25-க்குக் குறையாமல் போகிறது. எஞ்சியதில் அடுப்பும் துணியும் பிள்ளைகளின் பாடமும், பெரியவர்களின் மருந்தும், வந்தவர் போனவரின் உபசாரமும் பங்கு கேட்கின்றன. இவ்வளவும் போக மிஞ்சுகிற பொழுதில் தோட்டம் போடலாம் என்று நினைப்பவருக்கு அப்படி மிஞ்சும் பொழுது ஒருநாளும் வரப்போவதில்லை. மிஞ்சுவதில் செய்வது என்று வைத்துக்கொண்டால் எதுவும் நடப்பதில்லை. ஒதுக்குவதில் செய்வது என்று வைத்துக்கொண்டால் எதுவும் நடக்கும். பூஜைக்கு ஒதுக்குகிறோம், நடக்கிறது. பத்திரிகை வாசிப்புக்கு ஒதுக்குகிறோம், நடக்கிறது. அறுபதில் ஒன்றை, காலையில் அரையும் மாலையில் அரையுமாக, மண்ணுக்கு ஒதுக்குங்கள் என்பதே என் விண்ணப்பம். ஆனால் அதனோடு ஒட்டிய மற்றொரு விண்ணப்பமும் உண்டு; அதுவே முக்கியமானது. அந்த ஒரு நாழிகைக்கு அடங்குகிற அளவே தோட்டம் போடுங்கள். அதற்குமேல் ஒரு சாண் நிலத்தையும் கொத்தாதீர்கள்.

இந்த இரண்டாவது விண்ணப்பத்தை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை, தோற்றுக் கற்றேன். சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இதே உறையூரில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. மூத்த பெண் இரண்டாம் வகுப்பில் இருந்தாள், இளையவன் கைக்குழந்தை. என் தாயார் எங்களோடு இருந்தார். வீட்டின் பின்னால் 40 அடி நீளமும் 20 அடி அகலமுமாக, கிணற்றோடு கூடிய ஒரு கொல்லை கிடந்தது. ஏறக்குறைய இரண்டு சென்ட் நிலம். அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு உண்டான உற்சாகத்துக்கு அளவில்லை. அந்த ஆடி மாதத்தில் ஆள் வைத்துக் கொல்லை முழுவதையும் கொத்தி, பதினான்கு வகை விதை வாங்கி, கத்தரியும் வெண்டையும் ஒருபுறம், புடலைக்கும் பாகலுக்கும் பந்தல் ஒருபுறம், பூசணியும் சுரையும் வேலியோரம் என்று, காகிதத்தில் படம் போட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் விதைத்தேன். பதினைந்து நாள் அது என் பெருமையாக இருந்தது. ஆவணியில் களை வந்தது; ஞாயிறுதோறும் முதுகொடிய எடுத்தேன். புரட்டாசியில் மூத்த பெண்ணுக்கு டைபாய்டு ஜுரம் கண்டது. ஆஸ்பத்திரியும் வீடுமாக மூன்று வாரம் அலைந்தோம். அந்த மூன்று வாரத்தில் எவரும் கொல்லைப் பக்கம் திரும்பவில்லை. குழந்தை தேறி எழுந்த பிறகு ஒருநாள் பின்கதவைத் திறந்து பார்த்தபோது, கோரைப்புல் முழங்கால் உயரம் நின்றது. வெண்டைக்காய்கள் ஒரு சாணுக்கு மேல் நீண்டு முற்றி, நாராகி, செடியிலேயே காய்ந்திருந்தன. கத்தரிக் கொழுந்துகள் புழு குடைந்து தலை சாய்ந்திருந்தன. ஐப்பசி மழையின் முதல் காற்றில் புடலைப் பந்தலும் சாய்ந்தது.

அன்று நான் மனம் சோர்ந்து கிணற்றடியில் உட்கார்ந்திருந்தபோது என் தாயார் வந்து அருகில் நின்றார். அவருடைய சிறுபிராயம் யுத்த காலத்தில் கழிந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோய், அடுத்த ஆண்டில் வங்காளம் பஞ்சத்தில் வாட, சர்க்கார் ஊர்தோறும் உணவு விளைவிக்கும்படி பிரசாரம் செய்த காலம் அது. ரேஷனில் அளந்து கொடுத்த அரிசி போதாமல், கொல்லையில் பறித்த கீரையும் கிழங்கும் பானையை நிரப்பிய வீட்டில் வளர்ந்தவர் அவர். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கொல்லை எவ்வளவு பெருசுன்னு பார்த்து விதைச்சே, தம்பி. உனக்குப் பொழுது எவ்வளவு இருக்குன்னு பார்த்து விதைக்கலை" என்றார். அவ்வளவுதான். நான் இன்று ஒரு மணி நேரம் பேசப்போவதெல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு உரையே அன்றி வேறில்லை.

அடுத்த தை மாதத்தில், தைப்பட்டத்துக்கு, நாங்கள் மறுபடியும் தொடங்கினோம். இம்முறை கொல்லையில் இரண்டே பாத்திகள். ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 4 அடி அகலம். இரண்டும் சேர்ந்து 80 சதுர அடி. ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நான்கடி அகலம் என்பதற்குக் காரணம் உண்டு. இருபுறமும் நின்று கையை நீட்டினால் பாத்தியின் நடு வரையில் எட்ட வேண்டும். காலை உள்ளே வைக்கலாகாது. மிதிபடாத மண்ணே பொலபொலவென்று இருக்கும். அதில் வேரும் இறங்கும், நீரும் இறங்கும், களையும் இரண்டு விரலுக்கு வரும்.

பாத்தி எங்கே இருக்க வேண்டும் என்பதை என் தாயார் தீர்மானித்தார். கொல்லையின் கோடியில் வெயில் நன்றாக விழுகிறது என்றேன் நான். அடுக்களை வாசலுக்கு அருகில் என்றார் அவர். அதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் மிக நுட்பமானது. அடுப்பில் எண்ணெயைக் காயவைத்துவிட்டு வெளியே போய், ஓர் இணுக்குக் கறிவேப்பிலை உருவிக்கொண்டு திரும்பி வந்தால், எண்ணெய் புகைந்திருக்கக் கூடாது. அந்தத் தூரத்துக்குள் தோட்டம் இருக்க வேண்டும். ஆழ்ந்து பார்த்தால், ஓடுகிற குடும்பத்தின் தோட்டத்துக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை. தூரத்தில் உள்ள தோட்டத்துக்கு நாம் போக வேண்டும். போவதற்கு ஒரு தீர்மானம் வேண்டும். களைத்த மனிதனிடம் மாலையில் கடைசியாக மிஞ்சியிருப்பது தீர்மானம் அன்று. அருகில் உள்ள தோட்டமோ நம் வழியில் நிற்கிறது. பாத்திரம் கழுவப் போகும்போதும் துணி உலர்த்தப் போகும்போதும் அது கண்ணில் படுகிறது. கண்ணில் பட்ட வாடலுக்குக் கை தானாகவே ஒரு செம்பு நீரை வார்த்துவிடுகிறது. சூரிய வெளிச்சம் நாளில் ஐந்தாறு மணி நேரமாவது விழும் இடமாகவும் அது இருந்தால் போதும்; அதற்கு மேற்பட்ட உத்தமமான இடத்தைத் தேடிக் கோடிக்குப் போக வேண்டியதில்லை.

இனி, இரண்டு பாத்திகளில் என்ன விதைப்பது? இங்கேதான் ஆசை மனிதனை ஏமாற்றுகிறது. சந்தையில் காணும் காய்கள் யாவும் நம் கொல்லையிலும் காய்க்க வேண்டும் என்று தோன்றும். முதல் ஆண்டில் நான்கைந்து வகைக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதலிடம் கீரைக்கு. அதற்கு நாங்கள் கண்ட ஓர் ஏற்பாட்டை இங்கே விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் எங்கள் நாழிகைக் கணக்கு நிலைத்ததே அதனால்தான்.

முளைக்கீரை விதைத்த 21 நாளிலிருந்து 25 நாளுக்குள் பிடுங்கும் பருவத்துக்கு வந்துவிடும். ஒரு பாத்தியின் ஒரு பகுதியை நான்கு சிறு துண்டுகளாக வகுத்துக்கொண்டு, முதல் வாரம் முதல் துண்டிலும், இரண்டாம் வாரம் இரண்டாம் துண்டிலும் என்று முறையாக விதைத்துக்கொண்டு போனால், நான்காம் துண்டில் விதைத்து முடித்த சில நாளில் முதல் துண்டு பறிப்புக்கு வரும். பறித்த அன்றே அந்த மண்ணைக் கிளறி, இரண்டு கை மக்கிய எருவைத் தூவி மறுபடி விதைத்துவிட வேண்டும். இப்படிச் செய்தால் வாரத்துக்கு ஒரு நாள் விதைப்பும் ஒரு நாள் பறிப்பும் ஆண்டு முழுவதும் சக்கரம் போலச் சுழன்றுகொண்டிருக்கும். வேலையும் ஒரேயடியாகக் குவியாது, விளைச்சலும் ஒரேயடியாகக் குவிந்து வீணாகாது. கீரை விதை கடுகினும் சிறியது. அதை உலர்ந்த மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். எறும்பு இழுத்துப் போகாதிருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பலால் ஒரு கோடு இட வேண்டும். இதற்கு அருகிலேயே அரைக்கீரையை ஒரு முழ இடத்தில் விதைத்துவைத்தால், அதை வேரோடு பிடுங்காமல் கிள்ளக் கிள்ள அது பல மாதம் துளிர்த்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது பாத்தியில் ஆறு கத்தரி, பத்து வெண்டை, நான்கு மிளகாய். கத்தரிக்கும் கத்தரிக்கும் இடையே 2 அடி இருக்க வேண்டும். நாற்றாக இருக்கையில் அந்த இடைவெளி வீண் போலத் தோன்றும். இரண்டு மாதத்தில் அதன் நியாயம் புலப்படும். வெண்டை விதைத்த 45 நாளில் காய்க்கத் தொடங்கும். தொடங்கிய பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். மூன்றாம் நாள் அது முற்றி நாராகிவிடும். நுனியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் பருவம் தவறிவிட்டது என்று அர்த்தம். பாத்தியின் ஓரத்தில் ஒரு கறிவேப்பிலையும், குளிக்கும் நீர் ஓடுகிற வழியில் ஒரு வாழையும், வேலியோரம் ஒரு முருங்கைப் போத்தும் ஊன்றிவிட்டால், அவற்றுக்கென்று நாழிகையில் பங்கு ஏதும் வேண்டியதில்லை. அவை தாமே வளர்கிற பிள்ளைகள். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்னும் பழமொழியை நீங்கள் அறிவீர்கள். ஓங்கிப் போனால் காற்றில் முறியும், காயும் எட்டாது. ஆகவே கிளையை ஒடித்து அடக்கி வளர்ப்பது சரியே. பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்கிற அப்பழமொழியின் மற்றப் பாதியை நான் ஏற்கவில்லை. பிள்ளையைத் தோட்டத்தில் விட்டு வளர்க்கலாம் என்பதைப் பற்றிச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஓர் அறுவடை முடிந்து மறு நடவு செய்யும்போது ஒரு நியமத்தை மறக்கலாகாது. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று இருந்த இடத்தில் அடுத்ததையே நட்டால் மண்ணில் தங்கிய நோயும் அதற்குத் தொத்தும், மண்ணும் இளைக்கும். அவ்விடத்தில் கொத்தவரையோ அவரையோ விதைக்க வேண்டும். அவரையினத்துச் செடிகளின் வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகின்றன என்பதை 1880-களில் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இரு விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். காரணம் அவ்வாறு விளங்குவதற்கு அநேக நூற்றாண்டுகளுக்கு முன்பே பயிரை மாற்றி விதைக்கும் வழக்கம் நம் உழவர்களிடம் இருந்தது.

இப்போது, பெண்மணிகள் நிறைந்த இந்த அவையில் நான் மறைக்காமல் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுத் தோட்டத்தைப் புகழ்ந்து பேசுகிற ஆண்களில் பெரும்பாலோர், பேசி முடித்துவிட்டு, நீர் ஊற்றும் வேலையை மனைவியிடம் விட்டுவிடுகிறார்கள். விடியற்காலை எழுந்து, நான்கு பேருக்கு நான்கு விதமாக டப்பாக் கட்டி, தானும் வேலைக்குப் போய்த் திரும்புகிற பெண்ணின் தலையில் இந்தப் பாரத்தையும் ஏற்றுவதானால் அந்தத் தோட்டம் வேண்டவே வேண்டாம் என்பேன். அது விளைவிக்கிற கீரையைவிட அது விளைவிக்கிற மனக்கசப்பு அதிகமாக இருக்கும். எங்கள் வீட்டில் முதல் முயற்சி தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம்: அது என் ஒருவனுடைய தோட்டமாக இருந்தது, நான் நகர்ந்ததும் விழுந்தது. இரண்டாவது முயற்சியில் வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். காலை அரை நாழிகை, நீர் ஊற்றுவதும் புழு பார்ப்பதும் என் பங்கு. எதை எப்போது பறிப்பது, என்ன சமைப்பது என்பது என் மனைவியின் அதிகாரம். மண்வெட்டி பிடிக்க வேண்டியது அவர் கடமை அன்று. விதை எடுத்து உலர்த்திச் சாம்பலில் புரட்டி டப்பாவில் வைப்பது என் தாயாரின் பொறுப்பு. மாலையில் களை பிடுங்குவதும், வாரந்தோறும் கீரை விதைப்பதும் நானும் மூத்த பெண்ணுமாக.  கூட்டிப் பார்த்தால் ஒரு நாழிகை.

குழந்தைகளுக்கு வேலை கொடுப்பதில் ஒரு நாசூக்கு உண்டு. "தோட்டத்தில் உதவி செய்" என்றால் அவர்கள் செய்யமாட்டார்கள். அது பெரியவர்களின் வேலைக்குக் கூலியில்லாத ஆளாகப் போவது. ஒரு முழ நிலத்தை அவர்களுக்கே என்று கொடுத்து, அதில் அவர்கள் விரும்பியதை விதைக்க விட வேண்டும். என் பெண் அந்த ஒரு முழத்தில் முதலில் விதைத்தது கொத்தமல்லி. கடையிலிருந்து வந்த தனியாவை அப்படியே போட்டாள். சில நாள் பொறுத்துப் பார்த்து, முளைக்கவில்லை என்று அழுதாள். பாட்டி அவளை உட்காரவைத்து, தனியாவைச் செருப்பால் மெல்லத் தேய்த்து இரண்டாக உடைக்கக் காட்டிக்கொடுத்தார். இரண்டு விதைகள் ஒட்டியிருப்பதே ஒரு தனியா என்பதை அன்றுதான் நானும் அறிந்தேன். பிறகு அது முளைத்தது. நோயிலிருந்து எழுந்த அந்தக் குழந்தை, சோற்றைக் கண்டால் முகம் திருப்பிக்கொண்டிருந்தவள், தன் கையால் கிள்ளிய கொத்தமல்லியை ரசத்தில் போடச் சொல்லி, இரண்டு கரண்டி அதிகமாக வாங்கிச் சாப்பிட்டாள். தோட்டத்தினால் எனக்குக் கிடைத்த லாபங்களைக் கணக்கிடச் சொன்னால், நான் முதலில் எழுதுவது அந்த இரண்டு கரண்டிகளைத்தான்.

நீரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் பாத்திக்கு ஆகும். சோப்பு கலந்த நீர் கீரைக்கு ஆகாது, அது வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும். காய்ந்த இலைகளையும் தென்னை மட்டையிலிருந்து உரித்த ஓலையையும் செடிகளின் அடியில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி மூடாக்கு இட்டால், மண் காயாது, களைக்கு வெளிச்சம் கிடைக்காது. நீர் ஊற்றும் வேலையும் களை எடுக்கும் வேலையும் வெகுவாகக் குறைந்துவிடும். கல்யாணம், காது குத்து என்று நான்கு நாள் வெளியூர் போக நேருகிற குடும்பத்துக்குப் பானைப் பாசனம் ஒரு வரப்பிரசாதம். சூளையில் சுட்ட, மெருகு ஏற்றாத ஒரு மண்பானையைச் செடிகளுக்கு நடுவில் கழுத்து வரையில் புதைத்து, நீர் நிரப்பி, மூடிவைத்துவிட்டால், பானையின் நுண்ணிய துவாரங்கள் வழியே நீர் கசிந்து வேருக்கு வேண்டியபோது வேண்டிய அளவு போய்ச்சேரும். புரட்டாசியில் எங்களை அழித்த அந்த மூன்று வாரத்திலும், மூடாக்கும் பானையும் இருந்திருந்தால், பக்கத்து வீட்டாரிடம் வாரத்துக்கு இரண்டு தரம் பானையை நிரப்பச் சொல்லித் தப்பித்திருப்போம்.

எருவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. காய்த் தோலும் தேயிலைச் சக்கையும் உதிர்ந்த இலையும் ஒரு குழியில் அடுக்கடுக்காக விழுந்து, இடையிடையே சாணமும் மண்ணும் சேர்ந்து, ஈரம் காயாமல் இருந்து, இரண்டு மூன்று தரம் புரட்டப்பட்டால், ஏறக்குறைய மூன்று மாதத்தில் கருத்து, உதிர்ந்து, காட்டு மண்ணின் வாசனை வீசும் எருவாகிவிடும். ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய விவசாய விஞ்ஞானி 1920-களில் இந்தூரில் இருந்து இம்முறையை வகுத்துத் தந்தார். இந்தூர் முறை என்னும் பெயரில் அது பல தேசங்களிலும் பரவியது. இந்நாட்டு உழவர்களைத் தம் ஆசிரியர்களாகவே கருதியதாக வெளிப்படையாகச் சொன்ன பெருந்தன்மை அவருக்கு இருந்தது. குப்பைக் குழி என்று நாம் ஏளனமாகப் பேசும் அந்த மூலையே தோட்டத்தின் களஞ்சியம்.

பூச்சிக்கு என்ன மருந்து என்பது எல்லாக் கூட்டத்திலும் எழுகிற கேள்வி. சிறு தோட்டத்துக்கு முதல் மருந்து கண். நாள்தோறும் செடியைப் பார்க்கிறவன் தொல்லையை ஓர் இலையில் இருக்கும்போதே கண்டுவிடுகிறான். கத்தரிக் கொழுந்து ஒன்று காரணமின்றித் தலை சாய்ந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது; அந்தக் கொழுந்தைக் கிள்ளி அழித்துவிட்டால் அது காய்க்குப் போகாது. வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாகிவிட்டால் அது வெள்ளை ஈ பரப்புகிற நோய். அச்செடியைப் பிடுங்கி எறிவதே மற்றச் செடிகளுக்குச் செய்யும் உபகாரம். அசுவினி கண்ட அவரைக்குப் பனி ஈரத்தோடு சாம்பல் தூவலாம். மிஞ்சிப் போனால் வேப்பங்கொட்டைப் பருப்பை 50 கிராம் இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பின் தெளித்தால் போதும். தூரத்துத் தோட்டத்துக்கு இவ்வளவையும் செய்தாலும் பலன் குறைவு. அருகிலுள்ள தோட்டத்துக்கு இவற்றில் பாதிகூடத் தேவைப்படுவதில்லை.

இவ்வளவு செய்தும் சந்தைக்குப் போகாமல் இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் காயும் கனியுமாக 400 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஐந்து பேருக்கு அது இரண்டு கிலோ. எண்பது சதுர அடி நிலம் அவ்வளவையும் தராது. தரும் என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். எங்களுக்கு அது தந்தது, வாரம் ஒரு தரத்துக்குக் குறையாமல் கீரை, வாரம் இரண்டு குழம்புக்குக் கத்தரி, ஒரு பொரியலுக்கு வெண்டை, மிளகாயும் கறிவேப்பிலையும் வேண்டிய மட்டும். ஆனால் இந்தக் கணக்கில் கீரையின் இடத்தைக் கவனியுங்கள். 1918-ல் நம் நீலகிரியில், குன்னூரில், ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்தியர் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு சோதனைச்சாலைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய போஷாக்கு நிலையமாக விளங்குகிறது. வயிறு நிறைந்தும் உடம்பு நலிவது ஏன் என்பதே அவ்வாராய்ச்சியின் ஆதாரமான கேள்வி. அதற்கு விடையாக ஆராய்ச்சியாளர் மீண்டும் மீண்டும் சுட்டிய மலிவான பதார்த்தங்களுள் கீரை முக்கியமானது. அது பறித்த சில மணி நேரத்தில் வாடத் தொடங்குகிறது. வாட வாட அதன் வைட்டமின் சத்தும் குறைகிறது. எந்தப் பொருள் வழியில் அதிகமாக நலிகிறதோ அந்தப் பொருளை வீட்டிலும், எது பிரயாணத்தைத் தாங்குகிறதோ அதைச் சந்தையிலும் பெறுவது விவேகம். தோட்டம் சந்தைக்குப் போட்டி அன்று. சந்தை தர இயலாத ஒன்றை அது தருகிறது.

கொல்லை இல்லாதவர்கள், அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள், தங்களுக்கு இதில் இடமில்லை என்று கருத வேண்டாம். மாடியில் விழும் வெயிலும், தென்னை நார்க்கழிவும் மண்ணும் எருவும் கலந்து நிரப்பிய ஆறு பைகளும் போதும். மண்ணை மட்டும் நிரப்பினால் பாரம் அதிகமாகும், நீரும் வடியாது. நார்க்கழிவு கலந்தால் இரண்டும் தீரும். தளத்தில் நீர் தேங்காமல் பைகளுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்த வேண்டும். ஆனால் அங்கும் சட்டம் அதேதான்: ஆறு பைகள் ஓர் ஆண்டு வாடாமல் நின்ற பிறகே ஏழாவது பையை வாங்குங்கள்.

எங்கள் இரண்டு பாத்திகள் மூன்றாக நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த வேகத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. இளையவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு காலை வேலைக்கு இன்னொரு ஜோடிக் கை கிடைத்தது. அதனால் மூன்றாவது பாத்தி வந்தது. என் தாயார் படுத்த படுக்கையாக இருந்த ஆண்டில் மறுபடி இரண்டாகக் குறைத்தோம். குறைத்ததனால் தோட்டம் தோற்றுப்போகவில்லை. குடும்பம் விரியும்போது விரிந்து, சுருங்கும்போது சுருங்க அறிந்ததனால்தான் அது நாற்பது ஆண்டு எங்களோடு வந்தது. தம் கடைசி மாதங்களிலும் என் தாயார் ஜன்னல் வழியே பார்த்து, "வெண்டை இன்னிக்குப் பறிக்கணும்" என்று நினைவூட்டுவார். தோட்டத்தின்மேல் இருந்த அக்கறையை அவர் கடைசி வரையில் விடவில்லை.

அன்பர்களே, இன்று ஆனி பதினெட்டு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள்; தேடுவதற்கு நமக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. கத்தரி நாற்றங்காலில் 30 நாள் வளர வேண்டும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஓர் அகன்ற மண்சட்டியில் மண்ணும் எருவும் நிரப்பி, இருபது கத்தரி விதையை அரை விரல் ஆழத்துக்குத் தூவி மூடி, ஒரு கை நீர் தெளித்து அடுக்களை ஜன்னலோரம் வையுங்கள். அதற்குப் பாதி நாழிகை போதும். அடுத்த ஒரு மாதத்துக்கு நாள்தோறும் செய்ய வேண்டியது, அதைப் பார்ப்பதும் நீர் தெளிப்பதும் மட்டுமே. அந்த ஒரு மாதமும் அது வாடாமல் நின்றால் உங்கள் வீட்டில் தோட்டத்துக்குப் பொழுது இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். அதில் ஆறு நாற்றுகளை எடுத்து நடுங்கள். காவிரிக்குப் புதுநீர் வருகிற ஆடிப் பதினெட்டு அன்று நாற்று சரியான பருவத்தில் இருக்கும். பெருக்கு நாளில் ஆற்றங்கரைக்குப் போகுமுன் காலையிலேயே நட்டுவிட்டுப் போகலாம்.